படத்தை மறைக்காத லேபிள்: மூலை உருட்டி, பின்னால் இருப்பது தெரிய எழுதுவது எப்படி

"ஏன் தம்பி, எழுத்து மேல மோர ஊத்திட்டியா?"

காரைக்குடியில் ஒரு சாந்தி மலருக்காக நான் கொண்டுபோன முதல் ப்ரூஃபை, அதாவது சரிபார்க்க எடுத்த மாதிரி அச்சை, கையில் வாங்கியதும் அந்த வீட்டு ஆச்சி கேட்டது இதுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு: அறுபதாம் கல்யாணத்தை நகரத்தார் வீடுகளில் சாந்தி என்பார்கள், வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு மலர் அடிப்பதும் உண்டு. இந்த மலரின் நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து அவர்களின் பூர்வீக வீட்டுப் படம். முகப்பில் நின்று எடுத்தது. செட்டிநாட்டு வீடுகளில் வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் பட்டாசாலை, முற்றமுள்ள வளவு, ரெண்டாங்கட்டு என்று பின்வாசல் வெளிச்சம் வரை ஒரே படத்தில் விழுந்திருந்தது. வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு எது எது என்று தெரிய வேண்டும், அதனால் பெயர்களைப் படத்தின் மேலேயே எழுதச் சொன்னார்கள்.

எழுதிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். வெறும் எழுத்தாகப் போட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்குள் எழுத்து காணாமல் போகிறது. வெள்ளைப் பெட்டி அடித்து எழுதினால் கல் காணாமல் போகிறது, அந்தக் கல்லைக் காட்டத்தானே அந்தப் படம். ஆக, பின்னால் இருப்பது பாதி தெரிகிற, மூலை உருண்ட ஒரு சின்ன லேபிள் வேண்டும். நான் என்ன செய்தேன், பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் ஃப்ரேமை (எழுத்து உட்காரும் பெட்டி) தேர்ந்தெடுத்து, மேலே கண்ட்ரோல் பட்டையில் இருக்கும் ஒபாசிட்டியை (பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற சதவீதம்) 60%-க்கு இழுத்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று ப்ரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெட்டியோடு சேர்ந்து எழுத்தும் 60% ஆகிவிட்டது. திரையில் கண்ணுக்குப் படவில்லை, தாளில் ஆச்சியின் கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது.

இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்: ஒளி புக வேண்டியது பெட்டியின் நிறம் மட்டும், எழுத்து இல்லை. இன்டிசைனில் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் எல்லாரும் முதலில் கை வைக்கிற இடத்தில் இல்லை.

சரி, முதலிலிருந்து செய்வோம். டைப் டூலை எடுத்து படத்தின் மேல் ஒரு சின்ன ஃப்ரேம் இழுத்து "முகப்பு" என்று அடியுங்கள். தமிழ் யூனிகோட் எழுத்தானால் பத்தி ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் கம்போஸர் என்ற இடத்தில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் "ரெண்டாங்கட்டு" என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ரகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், பார்க்கிறவர்கள் உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைப்பார்கள்.

அடுத்தது கீபோர்டில் கண்ட்ரோலும் பி-யும் (Ctrl+B) சேர்த்து அழுத்தினால் வரும் டெக்ஸ்ட் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ். அதில் ஆட்டோ-சைஸ் என்றொரு தாவல் இருக்கிறது. அங்கே உயரம், அகலம் இரண்டும் தானாக மாறும்படி ஹைட் அண்ட் விட்த் என்பதைத் தேர்ந்து, நடுப்புள்ளியைக் குறித்து, நோ லைன் பிரேக்ஸ் பெட்டியில் டிக் போடுங்கள். இனி "வளவு" என்று மூன்றெழுத்து அடித்தாலும், "சுற்றுக்கட்டுத் தாழ்வாரம்" என்று நீட்டி அடித்தாலும் லேபிள் தானே சுருங்கும், தானே நீளும், இருந்த இடத்தின் நடுவை விட்டு நகராது. டிக் போட மறந்தால் நீளமான பெயர் எங்கேயாவது மடிந்து இரண்டு வரியாகி நிற்கும்.

இப்போது நிறம். ஸ்வாட்சஸ் பேனலில் ஃபில் (பெட்டியின் உள்நிறம்) பக்கம் தேர்ந்து பேப்பர் கொடுங்கள், அதாவது வெள்ளை. இந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. அதே பேனலில் டின்ட் என்று ஒரு சதவீதம் இருக்கும். பலர் அதைக் குறைத்துவிட்டு "ஒளி புகவே இல்லையே" என்பார்கள். டின்ட் என்பது மை எவ்வளவு அடர்த்தி என்பது மட்டும்தான். கறுப்பில் 30% டின்ட் போட்டால் வெளிர்சாம்பல் கிடைக்கும், அந்தச் சாம்பல் பின்னால் இருக்கும் படத்தை முழுசாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

விண்டோ மெனுவில் எஃபெக்ட்ஸ் பேனலைத் திறங்கள். ஷிஃப்ட், கண்ட்ரோல், எஃப்10 அடித்தாலும் வரும். ஃப்ரேமைக் கறுப்பு அம்பால் (செலக்ஷன் டூல்) தேர்ந்தெடுத்தபின் அந்தப் பேனலில் ஆப்ஜெக்ட், ஸ்ட்ரோக், ஃபில், டெக்ஸ்ட் என்று நாலு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 100%. நான் செய்த தப்பு முதல் வரியில் இருந்தது. கண்ட்ரோல் பட்டையில் தானாகக் கிடைக்கிற ஒபாசிட்டி அந்த ஆப்ஜெக்ட் வரியைத்தான் மாற்றும், அது பெட்டி, எழுத்து, ஓரக்கோடு எல்லாவற்றையும் சேர்த்து மங்கவைக்கும். நீங்கள் ஃபில் என்ற வரியை ஒருமுறை க்ளிக் செய்து அது தேர்வானபின் ஒபாசிட்டியை 70%-க்குக் கொண்டுவாருங்கள். பெட்டி மட்டும் இளகும், எழுத்து அப்படியே கெட்டியாக நிற்கும். ஏற்கெனவே என்னை மாதிரி ஆப்ஜெக்ட் வரியை 60 ஆக்கி வைத்திருந்தால் அதை மறக்காமல் 100-க்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கி லேபிளே ஆவி மாதிரி ஆகிவிடும்.

ஒரு ஃப்ரேமுக்குள் ஒரு சொல்லை மட்டும் மங்கவைக்க இன்டிசைனில் வழி கிடையாது, டெக்ஸ்ட் வரி அந்த ஃப்ரேமின் மொத்த எழுத்துக்கும் சேர்த்துத்தான். பாராகிராஃப் ஷேடிங் என்று பத்திக்குப் பின்னால் நிறம் பூசுகிற வசதியைச் சிலர் சொல்வார்கள், அதிலும் மூலையை உருட்டலாம், உண்மைதான், ஆனால் அதற்கென்று தனி ஒபாசிட்டி கிடையாது, டின்ட் மட்டும்தான். படத்தின் மேல் போடுகிற லேபிளுக்கு அது உதவாது. வெள்ளைத் தாளில் தலைப்புக்குப் பின்னால் பட்டை போட வேண்டுமானால் தாராளமாக அதையே பயன்படுத்துங்கள்.

மூலைக்கு வருவோம். ஆப்ஜெக்ட் மெனுவில் கார்னர் ஆப்ஷன்ஸ். நடுவில் இருக்கும் சங்கிலி பூட்டியிருக்கட்டும், ஒரு மூலைக்குக் கொடுத்தால் நாலுக்கும் போகும். வடிவத்தில் ரவுண்டட் தேர்ந்து அளவு கொடுங்கள். லேபிளின் உயரத்தில் பாதியைக் கொடுத்தால் மாத்திரை வடிவம் வரும், 6 மி.மீ. உயரத்துக்கு 3 மி.மீ. அதுவே 1 மி.மீ. கொடுத்தால் கூர் மழுங்கிய பெட்டி மாதிரி இருக்கும். எனக்கு மாத்திரை வடிவம் பிடிக்கும், ஆனால் வீட்டுப் படங்களில் தூண், நிலை, சட்டம் எல்லாமே நேர்கோடாக இருப்பதால் முழு மாத்திரை கொஞ்சம் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது, கடைசியில் 1.5 மி.மீ.-ல் நின்றேன். இது அவரவர் கண்.

அப்புறம் எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். மறுபடி கண்ட்ரோல், பி. இன்செட் ஸ்பேஸிங்கில் சங்கிலியை அவிழ்த்துவிட்டு இடம் வலம் 2.5 மி.மீ., மேல் கீழ் 1.2 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். தமிழில் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான், ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது. ஃப்ரேம் தானாக அளவு மாறும்படி வைத்துவிட்டால் வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷனில் சென்டர் கொடுப்பதற்கு வேலையே இல்லை, ஃப்ரேம் எழுத்தை ஒட்டித்தானே நிற்கிறது. எழுத்து நடுவில் நிற்பதும் நிற்காததும் இன்செட்டைப் பொறுத்தது, அதோடு அந்த எழுத்துரு தனக்கு மேலே எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் பொறுத்தது. நோட்டோ சான்ஸ் தமிழுக்குச் சரியாக வைத்த அளவு முக்தா மலர் என்ற எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாக வராது. அதற்கு பேஸ்லைன் ஆப்ஷன்ஸ் தாவலில் ஃபர்ஸ்ட் பேஸ்லைனை (முதல் வரி எழுத்து உட்காரும் கோடு) அஸென்ட்டிலிருந்து ஃபிக்ஸ்ட் என்று மாற்றி, 9 பாயின்ட் எழுத்தானால் 7 பாயின்ட் என்று ஆரம்பித்து கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். மி.மீ. காட்டுகிற பெட்டியிலேயே "பாயின்ட்" என்பதன் சுருக்கத்தை (pt) சேர்த்து அடித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

கண்ணால் பார்க்கும்போது ஒரே சொல்லை வைத்துப் பார்க்காதீர்கள். "முகப்பு" என்பதில் மு-வும் பு-வும் கீழே இறங்கும், மேலே ஒரே ஒரு புள்ளி. "பட்டாசாலை"யில் கீழே இறங்குவது ஒன்றுமே இல்லை. முகப்பை நடுவில் நிறுத்தினால் பட்டாசாலை மேலே ஏறின மாதிரி இருக்கும், பட்டாசாலைக்குப் பார்த்தால் முகப்பின் கால் ஓரத்தை இடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழ் இன்செட்டை மேலதைவிட ஒரு 0.4 மி.மீ. கூட்டி, இரண்டும் சுமாராக ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு லேபிள் மனசுக்குப் பிடித்தபடி வந்ததும் மற்றதைக் காப்பி எடுக்காமல் ஆப்ஜெக்ட் ஸ்டைலாக்குங்கள். கண்ட்ரோல், எஃப்7 அடித்து பேனலைத் திறந்து, லேபிள் தேர்விலிருக்கும்போது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு புதிய ஸ்டைல் பொத்தானைத் தட்டினால் பெரிய ஜன்னல் வரும். பத்தி ஸ்டைலையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். கீழே இடதுபக்கம் எஃபெக்ட்ஸ் ஃபார் என்ற இடத்தில் ஃபில் தேர்ந்து, ட்ரான்ஸ்பரன்ஸியில் 70% வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள். அந்த மலரில் மொத்தம் 23 லேபிள். ஆச்சி ப்ரூஃபை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்று முறையும் ஸ்டைலில் ஒரே இடத்தில் மாற்றியதோடு முடிந்தது. காப்பி எடுத்து ஒட்டியிருந்தால் 69 முறை.

எந்த நிறம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது, லேபிளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆத்தங்குடிக் கல், முட்டைப்பூச்சுச் சுவர் மாதிரி வெளிச்சமோ கசகசவென்று பூவேலையோ இருந்தால் வெள்ளைப் பெட்டி 70-லிருந்து 75%, கறுப்பு எழுத்து. பர்மாத் தேக்குத் தூணும் நிலையுமாக இருட்டான இடமென்றால் ஐட்ராப்பரால் அந்த மரத்திலேயே ஓர் அடர்ந்த பழுப்பை உறிஞ்சி எடுத்து அதை 60% ஆக்கி, எழுத்தை வெள்ளையாக்குங்கள். சுத்தக் கறுப்பைவிட அந்தப் பழுப்பு படத்தோடு ஒட்டிப்போகும். இரண்டுக்கும் இரண்டு ஆப்ஜெக்ட் ஸ்டைல், ஒன்று இன்னொன்றை அடிப்படையாக வைத்தது. ஒரே மலரில் மூன்றாவது வேண்டாம். நிழல் போடுகிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள், பாதி தெரிகிற பெட்டிக்கு ட்ராப் ஷேடோ கொடுத்தால் அழுக்குப் படிந்த மாதிரி ஆகும்.

வெள்ளை எழுத்தில் இன்னொரு சங்கதி. நாலு நிற அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட். படத்தின் மேல் கறுப்பு எழுத்து கறுப்பு மைக்கான பிளேட்டில் மட்டும் வரும், மற்ற மைகளின் மேலேயே ஏறும், பிளேட் லேசாக விலகினாலும் தெரியாது. வெள்ளை எழுத்து என்பது நாலு பிளேட்டிலும் வெட்டப்பட்ட ஓட்டை. ஓடும்போது ஒன்று மயிரிழை விலகினால்கூட மெல்லிய கோடுகளில் நிறம் கசியும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை எழுத்துக்கு மெல்லிய வெயிட் எடுக்காதீர்கள், செமி-போல்டு எடுத்து 9 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை ஊறிப் படம் இன்னும் இருட்டாகும், அங்கே பழுப்புப் பெட்டியை 50% ஆக்கினாலும் போதும்.

போனில் அறிவிப்பு வரும்போது பின்னால் இருப்பது பனி மூடிய கண்ணாடிக்கு அந்தப்புறம் மாதிரி மங்கித் தெரியுமே, அது வேண்டும் என்று மாப்பிள்ளைத் தம்பி ஒருவர் கேட்டார். இன்டிசைனில் பின்னால் இருப்பதை மங்கலாக்குகிற எஃபெக்ட் கிடையாது. ஃபோட்டோஷாப்பில் அதே படத்தின் காப்பியை காஸியன் ப்ளர் செய்து, அசல் படத்தின் மேல் அச்சு அசலாக அதே இடத்தில் வைத்து, வெட்டி, லேபிள் அளவு ஃப்ரேமுக்குள் பேஸ்ட் இன்டு செய்து, அதற்கு மேல் வெள்ளை லேபிளை 40% வைக்க வேண்டும். அட்டைக்கு ஒன்று செய்யலாம். 23-க்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அச்சுக்கு அனுப்பும் முன். எடிட் மெனுவில் ட்ரான்ஸ்பரன்ஸி ப்ளெண்ட் ஸ்பேஸ் என்று கடைசிப் பக்கமாக இருக்கும், அதில் டாக்குமென்ட் சி.எம்.ஒய்.கே. (அச்சின் நாலு மை நிறமுறை) இருக்க வேண்டும். ஆர்.ஜி.பி.யில் (திரையின் நிறமுறை) இருந்தால் லேபிள் இருக்கும் பக்கத்தின் நிறம் மொத்தமும் லேபிள் இல்லாத பக்கத்திலிருந்து மாறித் தெரியும், கேமராவையும் மானிட்டரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பி.டி.எஃப். எடுக்கும்போது பி.டி.எஃப்/எக்ஸ்-4 என்ற ப்ரீசெட். அது ஒளிபுகும் தன்மையை அப்படியே உயிரோடு அனுப்பும். பி.டி.எஃப்/எக்ஸ்-1ஏ என்பது பழைய 1.3 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, அதற்கு ஒளிபுகுதல் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் எல்லாவற்றையும் தட்டையாக்கி படத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். திரையில் லேபிளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் அந்தத் துண்டுகளின் தையல்தான், பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அதே ஒல்லியாக இருக்கும், அச்சில் பொதுவாக வராது.

அச்சில் வருவது வேறு. ஒருமுறை அச்சகத்தில் பழைய வகைதான் வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். அடித்து வந்த தாளில் ஒரு பக்கத்தின் பத்தியில் நாலு வரி மட்டும் மற்ற வரிகளைவிடத் தடித்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த வரிகளின் மேல்தான் ஒரு லேபிளின் ஓரம் உரசிக்கொண்டிருந்தது. தட்டையாக்கும்போது கீழே மாட்டிய எழுத்து அவுட்லைனாகிவிட்டது, அதாவது எழுத்துருவாக இல்லாமல் வெறும் வடிவமாகி, அதனால் தடித்துவிட்டது. அன்றிலிருந்து லேயர்ஸ் பேனலில் படம் அடியில், லேபிள் அதன் மேல், ஓடும் எழுத்தெல்லாம் உச்சியில் என்று மூன்று லேயர் வைத்துக்கொள்கிறேன். அச்சகத்தில் எக்ஸ்-4 எடுப்பார்களா என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

இன்டிசைன் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது, இலவசம். பழைய 1.4 வரை தமிழ் எழுத்து சிதறும், 1.6-ல் ஒழுங்காகச் சேரும். டெக்ஸ்ட் ஃப்ரேம் வரைந்து எஃப்2 அடித்தால் ப்ராப்பர்ட்டீஸ். ஷேப் பகுதியில் ரவுண்டு கார்னர்ஸ், கலர்ஸ் பகுதியில் ஃபில் நிறம், அந்த நிறத்துக்கென்று ஒபாசிட்டியும் உண்டு. அங்கே ஃபில்லுக்கும் கோட்டுக்கும் தனித்தனி என்பதால் எழுத்து மங்குகிற தொல்லையே கிடையாது, இந்த ஒரு விஷயத்தில் ஸ்க்ரைபஸ் மேல். ஆப்ஜெக்ட் ஸ்டைல் கிடையாது என்பதால் ஒரு லேபிளை ஸ்க்ராப்புக்கில் போட்டுவைத்து இழுத்து இழுத்துப் போட வேண்டும். பி.டி.எஃப். எடுக்கும்போது 1.4 அல்லது அதற்கு மேல்.

பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் பக்கத்து டி.டி.பி. கடைகளில் அது இன்னும் ஓடுகிறது. முடியாது. அதன் கடைசிப் பதிப்பு 7 வந்தது 2001-ல், ஒளிபுகும் வசதி இன்டிசைன் 2-ல் 2002-ல்தான் வந்தது. படத்தையும் லேபிளையும் ஃபோட்டோஷாப்பில் சேர்த்து ஒரே படமாகக் கொண்டுவந்து வைப்பதுதான் வழி, அப்புறம் ஒரு எழுத்துப்பிழை திருத்த வேண்டுமென்றாலும் மறுபடி ஃபோட்டோஷாப்.

லேபிளை எங்கே வைப்பது என்பதற்கு ஆச்சியிடம்தான் பாடம் கேட்டேன். நான் ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்துக்கு நட்டநடுவில் வைத்திருந்தேன். மூன்றாவது ப்ரூஃபில் ஃபில் 70% சரியாக இருந்தது, எழுத்து கறுப்பாக இருந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பெயரையும் வாய்விட்டுப் படித்தார்கள், "ரெண்டாங்கட்டுன்னே போடு, இரண்டாம் கட்டுன்னு யாரு சொல்றா" என்று திருத்தினார்கள். வளவு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தார்கள்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வளவுல வெயில் விழுற எடத்துல கொண்டுபோய் வச்சிருக்கியே. அந்த வெயில்ல தானே நாங்க வத்தல் போடுவோம். கொஞ்சம் தூணுப் பக்கம் ஒதுக்கு."

12 மி.மீ. இடது பக்கம் நகர்த்தினேன். தூணில் பின்னணி இருட்டு, அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் பழுப்பு ஸ்டைல்.